சப்பாணி கொட்டும் மாதம்

பிள்ளைத்தமிழைப் பாட்டியல் நூல்களோடு சேர்த்து வாசித்தவர்கள் பருவங்களை மாதக் கணக்கோடு நினைவில் வைத்திருப்பார்கள். 5ஆம் மாதம் செங்கீரை, 9ஆம் மாதம் சப்பாணி. கைகளையும் ஒரு முழங்காலையும் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பக்தியையும் சந்தத்தையும் விலக்கிப் பார்த்தால், தொட்டிலருகே உட்கார்ந்து பார்த்தவர்கள் போட்ட கணக்கு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் 1991இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது. பிறந்தது முதல் 2 வயது வரை 17 செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, ஒலி வந்த திசைக்குத் திரும்புவது என்று போகும் வரிசையில் கைகொட்டுவதும் ஒன்று. சப்பாணியேதான்! ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நாள் குறிக்காமல், மாதங்களின் நீளத்தில் ஒரு பட்டை வரைந்திருக்கிறார்கள். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பேனாவை நிறுத்தி வைக்க வேண்டும். பேனாவுக்கு இடப்புறமே முடிந்துபோன பட்டைகளில் ஏதேனும் ஒரு செயல் வரவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

ஆனால் நம் மரபிலேயே இதற்கு எதிர்த்திசையில் ஒரு கதையும் உண்டு. குமரகுருபரர் 5 வயது வரை பேசவில்லை. திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பார்கள். பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியவரும் அவரே. அழகான கதைதான். எங்கள் எடப்பாடியில் அவர் பெயரே தெரியாத வீடுகளிலும் இக்கதை வேறு உருவில் உலவுகிறது.

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பம். அவர்களுடைய பையனுக்கு 2 வயது நெருங்கியும் ஒரு சொல் வரவில்லை. "அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், உடு கண்ணு" என்பார் ஆயா. தறிச் சத்தத்திலேயே அயர்ந்து தூங்குகிற தங்கமான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெயர். கரண்டு போய்த் தறி நின்றால் சில நாள் விழித்துக்கொள்வான். காது கேட்கிறது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. தரையின் அதிர்வு நின்றதை உடம்பு அறிந்தது என்று யாருக்குத் தோன்றும்? கைக்குழந்தையில் மழலை ஒலி எழுப்பினானே என்றும் சொன்னார்கள். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ஒலி எழுப்பும். தன் குரல் தனக்குக் கேட்காததால் போகப்போக அது அடங்கிவிடும்.

கண்டுபிடித்தவர் அங்கன்வாடி அக்கா. மின்வெட்டு நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மணி அடித்திருக்கிறார். திரும்பவில்லை. சேலத்தில் காதில் சிறு குழல் வைத்துப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையும், பிறகு பெரா சோதனையும் செய்தார்கள். இரு காதிலும் கடுமையான குறைபாடு.

பேச்சுக்கான மூளையின் பாதைகள் முதல் சில ஆண்டுகளில்தான் எளிதில் அமைகின்றன. காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உதவுவதும் இதனால்தான். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பார்க்க வேண்டும். குழு வரும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு நாள் தறிக்கூலியை விட வேண்டியிருக்கிறது என்பதை நகரத்து நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பழனிக்குக் காவடி எடுக்கும் ஊர் எங்களுடையது. நேர்த்திக்கடனுக்கு நான் எதிரியில்லை. ஆயாவிடமும் அதைத்தான் சொன்னேன்: காவடி தைப்பூசத்துக்குப் போகட்டும், பையன் திங்கட்கிழமை சேலத்துக்குப் போகட்டும்.

அறுவை முடிந்து ஓராண்டாகிறது. கருவி பொருத்திய அன்றே பேச்சு வந்துவிடவில்லை. வாரம் இருமுறை பயிற்சி. வீட்டில் தார் சுற்றிக்கொண்டே அம்மா ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்கிறாள். "நாடா" என்பதை அவன் "நானா" என்கிறான். தறியை நிறுத்திவிட்டு அவள் மறுபடி சொல்கிறாள்.