பனியை நிறுத்துப் பார்க்கும் மலைநாடு

ஊர்ப் பெயர்களே ஒரு நாட்டின் வரலாற்றை உரைக்கும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில் ஓடும் பேராறு ஒன்றுக்கு, நற்கருணைத் திருவருட்சாதனத்தை நினைந்து, 'சாக்ரமெண்டோ' என்று பெயரிட்டனர் இஸ்பானியர். மற்றோர் ஆற்றுக்கு அன்னை மரியாளின் தந்தையாகிய புனித சுவக்கீனின் பெயரைச் சூட்டினர். அவ்விரு ஆறுகளுக்கும் நீர் வார்க்கும் மலைத்தொடருக்கு 1776-ஆம் ஆண்டில் பேத்ரோ ஃபான்ட் என்ற பிரான்சிஸ்கன் துறவி 'சியரா நெவாடா' என்று பெயர் குறித்தார். 'பனி மூடிய மலைத்தொடர்' என்பது அதன் பொருள். அப்பெயர் பொய்த்துப் போன ஆண்டும் ஒன்று உண்டு.

பனி என்றதும் நம்மூர் மார்கழிப் பனியை நினைத்தலாகாது. இது பஞ்சுபோல் விழுந்து, ஆளுயரத்துக்கு மேலும் குவிந்து, மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் வெண்பனி. கலிபோர்னியாவில் கோடை மழை அரிது. நவம்பர் முதல் மார்ச் வரை பெய்வதைக் கொண்டே ஆண்டு முழுவதும் வாழ வேண்டும். அந்நாளில் மலைமேல் விழும் பனி, வெயில் ஏறியபின் சிறிது சிறிதாய் உருகி, பயிருக்கு நீர் வேண்டும் வேளையில் ஆறுகளில் இறங்குகின்றது. மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அளிப்பது இப்பனியே. மனிதர் கட்டாத அணைக்கட்டு என்று இதனைச் சொல்லலாம்.

தலைநகராகிய சாக்ரமெண்டோவிலிருந்து 50-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றோம். ஓக் மரக் குன்றுகளைக் கடந்து, பொன்வேட்டைக் காலத்து ஊரான பிளாசர்வில்லைத் தாண்டி, பைன் மரக்காடுகளின் ஊடே ஏறினால், சுமார் 90 மைல் தொலைவில், 6,800 அடி உயரத்தில், பிலிப்ஸ் என்னும் இடத்தை அடைகின்றோம். அங்கே புல்வெளி ஒன்றைத் தவிரக் காண்பதற்கு வேறொன்றும் இல்லை. ஆயினும் மாநிலமே செவிசாய்க்கும் செய்தி அப்புல்வெளியிலிருந்து புறப்படுகின்றது. குளிர்காலத்தில் மாதந்தோறும் நீர்வளத் துறையினர் அங்கு வந்து பனியை அளக்கின்றனர்.

அவர்கள் அளக்கும் முறை எளிமையானது. நுனியில் பற்கள் அமைந்த உலோகக் குழாயைப் பனியில் தரைவரை செருகுவர். உள்ளே சிக்கிய பனியோடு குழாயைத் தூக்கி, தராசில் தொங்கவிட்டு நிறுப்பர். ஓர் அவுன்ஸ் எடையுள்ள பனி, ஓர் அங்குல நீருக்குச் சமமாகுமாறு அக்குழாயின் வாய் அமைக்கப்பட்டுள்ளது. பனியின் ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. புதிதாய் விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் ஓர் அங்குல நீரே கிடைக்கலாம். நாட்பட்டு இறுகிய பனியோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நீர் தரும். ஆகவேதான் ஆழத்தை அளப்பதோடு நில்லாமல் நிறுத்தும் பார்க்கின்றனர்.

இவ்வழியைக் கண்டவர் பொறியாளர் அல்லர். நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழி கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்பவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 10,000 அடிக்கு மேல் உயர்ந்த ரோஸ் மலையில் ஆய்வுக்கூடம் அமைத்து அவர் பனியை நிறுத்தார். அக்காலத்தில் தாகோ ஏரியின் நீர்மட்டம் குறித்து, கரையில் வாழ்ந்தோருக்கும் கீழே நீரை நம்பியிருந்தோருக்கும் இடையே பூசல் நிலவியது. மலையிலுள்ள பனியைக் கொண்டு ஏரி எவ்வளவு உயரும் என்று அவர் முன்கூட்டியே கணித்துச் சொன்னார். நீரை எப்பொழுது தேக்குவது, எப்பொழுது திறப்பது என்பதற்கு ஊகம் போய்க் கணக்கு வந்தது. 1929-ஆம் ஆண்டில் கலிபோர்னியா இம்முறையை மாநிலம் முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது.

2012 முதல் தொடர்ந்து வறட்சி வாட்டியது. ஏப்ரல் முதல் நாளில் பிலிப்ஸ் புல்வெளியில் சராசரியாக 66 அங்குலப் பனி கிடக்கும். 2015-ஆம் ஆண்டின் அந்நாளில் அங்கு ஓர் அங்குலமும் இல்லை. அளப்போர் உலர்ந்த புல்லின்மேல் நின்றனர். மலைத்தொடர் முழுவதிலும் இருந்த பனிநீர் வழக்கத்தில் 5 விழுக்காடே. இளமையில் இயேசு சபை நவசந்நியாசியாய் இருந்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன், அப்புல்வெளியிலேயே நின்று, நகரங்கள் நீர்ச் செலவில் கால் பங்கைக் குறைக்க வேண்டுமென ஆணையிட்டார். ஏப்ரலிலேயே கணக்குத் தெரிந்ததால், கோடை முற்றுமுன் மக்கள் சிக்கனத்தில் இறங்கினர்.

ஆனால் அளக்கப்படாத நீர் ஒன்றும் இருந்தது. அது நிலத்தடி நீர். ஆற்றில் நீர் குறையக் குறைய, பெரும் பண்ணைகள் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் ஆழமாய்த் தோண்டின. தெற்கே ஈஸ்ட் போர்ட்டர்வில் என்னும் சிற்றூரில் வாழ்பவர் பெரும்பாலும் வயல்களில் உழைக்கும் ஏழைகள். 2014-இல் அவர்களுடைய ஆழமற்ற கிணறுகள் நூற்றுக்கணக்கில் வற்றின. நாட்டுக்கே பழமும் காய்கறியும் பறித்துக் கொடுத்த கைகள், குடிநீர்க் குப்பிகளுக்காக நீண்டன. குளிப்பதற்கென ஆலய வளாகம் ஒன்றில் தற்காலிக ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நகரக் குழாய் நீர் அவ்வீடுகளை எட்ட 2016 முதல் 2018 வரை ஆயிற்று. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 2014-இல்தான் பிறந்தது. அதன் இலக்கை எட்டுவதற்கு 2040-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை தவணை உண்டு.

வடக்கே ஃபெதர் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஓரோவில் அணை வேறொரு பாடம் கற்பிக்கின்றது. 770 அடி உயரமுள்ள இதுவே அமெரிக்காவின் மிக உயர்ந்த அணை. 2021 ஏப்ரலில் மலைப்பனி வழக்கத்தில் பாதிக்கு மேல் இருந்தது. ஆயினும் வறண்ட மண்ணும் வெப்பக் காற்றும் வழியிலேயே நீரைப் பருகின. எதிர்பார்த்த நீர் அணைக்கு வந்து சேரவில்லை. ஆகஸ்டில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்து, அணையின் மின்நிலையம் அதன் வரலாற்றில் முதன்முறையாக நின்றது. 2023-இலோ வழக்கத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான பனி! பிலிப்ஸில் 126 அங்குலத்துக்கு மேல் குவிந்தது, ஓரோவில் நிரம்பியது, தெற்கே எப்போதோ வற்றி வயலாகிவிட்ட துலாரே ஏரி மீண்டும் தோன்றிப் பயிர்களை மூழ்கடித்தது. இன்று வானூர்தியிலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்சியும் பனியின் ஆழத்தை அளக்கின்றனர். எனினும் குழாயும் தராசும் ஓய்ந்தபாடில்லை.

அளவுகோல் ஒரு துளி நீரையும் படைப்பதில்லை. ஆனால் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறதென்று அறிந்த வீட்டில்தான், அடுத்த அறுவடை வரை எல்லோருக்கும் படி அளக்க முடியும். மலையின் பனியை அந்நாடு நூறாண்டுகளாக அளந்தது. அதனால் நகரங்கள் தாங்கிக்கொண்டன. ஏழையின் கிணற்றில் எத்தனை முழம் நீர் உள்ளது என்பதை அளக்க மறந்தது. அக்கிணறே முதலில் வற்றியது.