75 சொற்களில் ஒரு பள்ளிக்கூடம்

கலிஃபோர்னியாவில் ஒரு கல்வி மாவட்டம் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட நினைத்தால், பெரும்பாலும் ஊரிடம் ஓட்டுக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவார்கள். அசலையும் வட்டியையும் அந்த ஊரில் வீடு, கடை வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு சேர்த்து ஆண்டுக்கணக்கில் அடைப்பார்கள். சம்மதமா, இல்லையா என்று வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி 75 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

நான் படித்தது சிவில் இன்ஜினீயரிங். கம்பி கட்டுவதையும் கான்கிரீட் போடுவதையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு கல்வி மாவட்டத்தின் கட்டடப் பிரிவில் வந்து உட்கார்ந்து இருபது வருஷம் ஓடிவிட்டது. இந்த வேலையில் எது கஷ்டம் என்று கேட்பவர்கள் நிலநடுக்கம், டெண்டர் என்று ஏதாவது பதிலை எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்த 75 சொல்தான்.

நான் ஒருவனே எழுதுவதில்லை. மேசையைச் சுற்றி வக்கீல் இருப்பார், நிதி ஆலோசகர் இருப்பார், கருத்துக்கணிப்பு எடுத்த பெண்மணி இருப்பார். கட்டடக் கணக்கோடு நான். சொல்லை எண்ணுவதற்கும் தேர்தல் சட்டத்தில் விதி இருக்கிறது. எண்ணை இலக்கத்தில் போட்டால், எத்தனை பூஜ்யம் இருந்தாலும், ஒரே சொல். எழுத்தில் எழுதினால் ஒவ்வொன்றும் தனிச் சொல். ஊர்ப்பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒன்றுதான். ஒரு ‘மற்றும்’ குறைந்தால் ஒரு ‘ஆய்வகம்’ கூடும் என்று மணிக்கணக்காகப் பேரம் நடக்கும். தமிழில் எழுதவிட்டிருந்தால் ‘கட்டிமுடிக்கப்படவேண்டியிருப்பதால்’ என்று ஒரே சொல்லில் பாதி வேலையை முடித்திருப்பேனே என்று அப்போதெல்லாம் தோன்றும். நம் மொழிக்கு அந்த விதி செல்லாது. நாம் ஒரு ஊரையே சந்தி போட்டு ஒட்டிவிடுவோம்.

75-ல் பாதிக்கு மேல் நம் கையில் இல்லை. ‘இந்த முன்மொழிவை ஏற்கலாமா’ என்ற சடங்கு வாசகம் கட்டாயம். எவ்வளவு தொகை, ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு எவ்வளவு வரி, ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகும், எத்தனை வருஷத்துக்கு என்பதெல்லாம் கட்டாயம். ஊர்மக்கள் கண்காணிப்புக் குழு உண்டு, சம்பளத்துக்கு ஒரு காசு போகாது என்று சொல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். மிஞ்சுகிற முப்பது சொச்சம் சொல்லுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டும்.

நாங்கள் முதலில் நிறுத்த நினைத்தது ஒரு அறிவியல் கட்டடம். அதற்கான காரணம் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பின்புறத்தில், கூடைப்பந்துத் தளம் இருந்த இடத்தில் வரிசையாக நின்றது. போர்ட்டபிள் என்பார்கள். 12 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள இரண்டு பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து பக்கவாட்டில் சேர்த்தால் 960 சதுர அடியில் ஒரு வகுப்பறை. சேர்த்த இடத்தைக் கம்பளம் மூடியிருக்கும். ஆனால் நடந்தால் கால் கண்டுபிடித்துவிடும், நடுவில் தரை லேசாக அமுங்கி எழும். கனத்த மழை வந்தால் ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு எழுதிப்போட ஆரம்பிப்பார், தகரக் கூரையில் விழும் சத்தத்தில் வேறு வழியில்லை. 1996-ல் மாநிலம் சின்ன வகுப்புகளில் 20 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று ஊக்கத்தொகை கொடுத்தபோது, கலிஃபோர்னியா முழுக்க இந்தப் பெட்டிகள் வந்து இறங்கின. எங்களுக்கு வந்தவையும் அந்தக் காலத்துச் சரக்குதான். தொடக்கப் பள்ளியில் வேலை முடிந்ததும் உயர்நிலைப் பள்ளிக்கு நகர்த்தினார்கள். காகிதத்தில் இன்னும் ‘தற்காலிகம்’ என்றே இருந்தது.

அந்தப் போர்ட்டபிள்களில் ஒன்றில் கெமிஸ்ட்ரி நடந்தது. எரிவாயுக் குழாயும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. ஆசிரியை இரண்டு பிளாஸ்டிக் வாளிகளோடு சரிவுப் பாதையில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்று கழுவி ஊற்ற. மாநில விதிப்படி அறிவியல் ஆய்வகம் என்றால், பொருள் வைக்கிற இடமும் ஆசிரியர் தயார்செய்கிற இடமும் சேர்த்து 1,300 சதுர அடிக்குக் குறையக் கூடாது. இருந்ததோ 960. ‘செய்முறை எல்லாம் எப்படி?’ என்று கேட்டேன். ‘வீடியோ போட்டுக் காட்டுவேன்’ என்றார்.

இந்த வாளிகளை 75 சொல்லுக்குள் எங்கே வைப்பது?

கருத்துக்கணிப்பு அம்மாள் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ‘ஒழுகும் கூரையைச் சரிசெய்ய’ என்றால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது. ‘பழைய வகுப்பறைகளை மேம்படுத்த’ என்றாலும் பிடிக்கிறது. ‘புதிய கட்டடம்’ என்றவுடன் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே கூரையை முன்னால் போட்டோம், மின்சார ஒயரிங்கை அடுத்துப் போட்டோம், புதுக் கட்டடத்தைக் கடைசியில் ‘கற்றல் வசதிகள்’ என்ற சொல்லுக்குள் ஒளித்தோம். நானும் தலையாட்டினேன். சட்டப்படி ஒரு பிழையும் இல்லை, முழுத் திட்டப் பட்டியலில் எல்லாம் விவரமாக இருந்தது. அந்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்?

படித்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி, வரிசெலுத்துவோர் சங்கத்துக்காரர். பொதுக்கூட்டத்தில் எழுந்து, எங்கள் துண்டறிக்கையைக் கையில் பிடித்தபடி கேட்டார்: “கூரை மராமத்துக்கு எவ்வளவு, புதுக் கட்டடத்துக்கு எவ்வளவு? ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்க.” சொன்னேன். தொகையில் பெரும்பங்கு புதுக் கட்டடம். “அப்ப இதுல ஏன் கூரை முதல்ல வருது?” என்றார். பதில் என்னிடம் இருந்தது, சபையில் சொல்லக்கூடியதாக இல்லை.

கூட்டங்களில் இன்னொரு கேள்வி தவறாமல் வரும். “பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவு?” 1933 மார்ச் 10, மாலை 5:54-க்கு லாங் பீச்சில் நிலம் ஆடியது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிக் கட்டடங்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் என்பதால்தான் தப்பித்தார்கள். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 10-ஆம் தேதி ஃபீல்டு சட்டம் வந்துவிட்டது. அன்றுமுதல் அரசுப் பள்ளிக் கட்டடத்தின் ஒவ்வொரு வரைபடத்தையும் மாநிலக் கட்டடக்கலைப் பிரிவு சரிபார்க்க வேண்டும், வேலை நடக்கும்போது அதற்கென்றே ஆய்வாளர் இருந்து வெல்டிங்கைக்கூடப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொன்னால் சபை அமைதியாகிவிடும். காசுக்குக் காரணம் தெரிந்தால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாத காசுதான் உறுத்தும்.

உறுத்தலுக்கு எங்கள் தொழிலில் நிரந்தர உதாரணம் சான் டியேகோ பக்கத்து போவே. 2011-ல் அந்தக் கல்வி மாவட்டம் வாங்கியது சுமார் 10.5 கோடி டாலர். பல வருஷம் எதையும் கட்டாமல் வட்டியை ஏறவிட்டு, பிறகு மொத்தமாக அடைக்கிற வகைப் பத்திரம் அது. அடைக்க வேண்டியது 98 கோடி. 2013-ல் சட்டம் போட்டு, வாங்கியதைப் போல நான்கு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டுகிற மாதிரி விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். நாங்கள் அந்த வகைப் பத்திரத்தையே தொடவில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் போவே பற்றிய செய்தித்தாள் நறுக்கோடு வராமல் இருந்ததில்லை.

என்னால் சொல்ல முடியாத ஒரே வாக்கியம், ‘ஆம் என்று போடுங்கள்’. பொதுப்பணத்தில் பிரசாரம் செய்யக் கூடாது என்று 1976-ல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தகவல் தரலாம், அதுவும் இரண்டு பக்கமும் சாயாமல். அலுவலக நேரத்தில் என் சட்டையில் ஒரு பட்டன்கூடக் குத்திக்கொள்ள முடியாது. பிரசாரம் பெற்றோரும் ஆர்வலர்களும் தனியாகப் பணம் திரட்டிச் செய்வது.

வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு திருநெல்வேலிப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். மகன் ஒன்பதாம் வகுப்பு.

“அண்ணே, எங்க பையன் கிளாஸ் அந்த டப்பாக்குள்ளதான் நடக்கு. கட்டடம் கட்ட ஓட்டாமே? நாங்க எல்லாரும் போட்டுருதோம்.”

“அதை நான் சொல்லக் கூடாதும்மா. அதுபோக, உங்களுக்கு இன்னும் விசாதானே?”

“ஆமா. எச்-ஒன்.”

“குடியுரிமை இல்லாம ஓட்டு இல்லையே.”

அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. “அப்ப வரி மட்டும் உண்டோ?” என்றார். உண்டு. அவர்தான் அதிகம் கட்டுவார் என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

அது 1978-ன் 13-ஆம் முன்மொழிவு செய்த வேலை. வீட்டை வாங்கிய விலைதான் வரிக்கான மதிப்பு. அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஒரே தெருவில், ஒரே மாதிரி இரண்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் 15 லட்சம் டாலருக்கு வாங்கியவரின் மதிப்பு 15 லட்சம். நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் பாட்டியின் மதிப்பு ஒன்றரை லட்சமாக நிற்கும். தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை சேர்ந்த மாவட்டமாக இருந்தால் ஒரு லட்சத்துக்கு அதிகபட்சம் 60 டாலர் என்று கணிப்பு இருக்கலாம். புது ஆளுக்கு 900, பாட்டிக்கு 90. பிள்ளை படிக்கிற வீட்டில் ஓட்டு இருக்காது. ஓட்டு இருக்கிற வீட்டில் பிள்ளைகள் படித்து முடித்துப் போயிருப்பார்கள். நான் முதல் 75 சொல்லுக்கு உட்கார்ந்தபோது எனக்கே ஓட்டு இல்லை, பச்சை அட்டைதான் இருந்தது.

ஆகவே எங்கள் கட்டடத்தின் விதி அந்தப் பாட்டி மாதிரியானவர்கள் கையில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அஞ்சலில் வாக்குச்சீட்டு வந்ததும் அடியிலிருக்கும் எங்கள் கேள்வி வரை விரல் வைத்துப் படிப்பவர்கள் அவர்கள்தான். பாதி வயதுள்ளவர்கள் அதிபர் பெயரோடு நின்றுவிடுவார்கள்.

தேர்தல் இரவு எட்டு மணிக்குச் சாவடிகளை மூடியதும் சற்று நேரத்தில் முதல் எண் வரும். அது பெரும்பாலும் முன்கூட்டியே அஞ்சலில் வந்த ஓட்டு, வயதானவர்களின் ஓட்டு. பிறகு நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏறும், இறங்கும். பள்ளிக் கடன்பத்திரத்துக்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 2000 நவம்பரில் 39-ஆம் முன்மொழிவு அதை 55 சதவீதமாக இறக்கியது. முதல் தடவை எங்களுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தது. ஆனால் 55 வரவில்லை. ஊரில் அதிகம் பேர் ‘ஆம்’ சொல்லியும் தோற்றோம். மறுநாள் கெமிஸ்ட்ரி ஆசிரியை வழக்கம்போல வாளியோடு ஏறினார்.

இரண்டாம் முறை மேசையில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். ‘புதிய அறிவியல் வகுப்பறைகள் கட்ட’ என்பது முதலில் வரட்டும், கூரை பின்னால் வரட்டும் என்றேன். கருத்துக்கணிப்பு அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். வாரியத்தில் ஐந்து பேர். 55 சதவீதக் கணக்கில் போக வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நாலு பேராவது கைதூக்க வேண்டும். தேர்தலுக்கு 88 நாளுக்கு முன்னால் தீர்மானம் கவுன்டிக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தது.

அந்த முறை ஜெயித்தோம். சொல்லை மாற்றியதால்தான் என்று மார்தட்ட ஆசை. ஆனால் அது அதிபர் தேர்தல் வருஷம், வாடகைக் குடியிருப்புகளிலிருந்து இளைஞர்களும் வந்து ஓட்டுப் போட்டார்கள். அம்மாள் அதைத்தான் காரணம் என்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்குக் கிடைத்தது வேறு: அந்த இயந்திரத் தொழிலாளி கேள்வி கேட்டபோது கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது.

அவர் அதன்பிறகு கண்காணிப்புக் குழுவுக்கே வந்தார். குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் வரிசெலுத்துவோர் சங்கத்துக்கு ஒரு இடம், மூத்தோர் அமைப்புக்கு ஒரு இடம். மாவட்ட ஊழியர் உட்காரக் கூடாது. என் அறிக்கைகளை அவரைவிட நன்றாகப் படித்தவர் கிடையாது. ‘இதர செலவு’ என்ற தலைப்பைப் பார்த்தால் பேனாவைத் திறந்துவிடுவார்.

ஒருநாள் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். மாநிலத்திலேயே பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள், 60 லட்சத்துக்குக் கீழே போயாகிவிட்டது. பத்து வருஷம் கழித்து இந்த வகுப்பறையில் யார் உட்காருவார்கள்? எங்கள் கணக்கு பழைய முறை. இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் நூறு பேர் இருந்தால் அடுத்த ஆண்டு ஒன்பதில் எத்தனை பேர் என்று கடந்த சில வருஷப் பழக்கத்தை வைத்து ஒவ்வொரு வகுப்பாகத் தள்ளிக்கொண்டே போவது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வந்தால் வீட்டுக்கு இத்தனை பிள்ளை என்று சேர்ப்பது. ஐந்து வருஷத்துக்கு அது ஓரளவு நிற்கும். பத்து வருஷம் என்றால் ஜோசியம்தான். கடனோ அதையும் தாண்டி ஓடும். நெரிசல் இன்றைக்கு இருக்கிறது, வாளி இன்றைக்கு இருக்கிறது என்றேன். “அது இன்னைக்குக் கணக்கு” என்றார்.

திருநெல்வேலிப் பெண்ணின் மகன் புதுக் கட்டடத்தில் ஒரு நாளும் படிக்கவில்லை. வரைபடம், மாநில ஒப்புதல், டெண்டர் என்று ஆகி, அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டுகிற வருஷம் அவன் பட்டம் வாங்கி வெளியே போனான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் பட்டமளிப்பு விழா. இரைச்சலுக்காக அன்று ஒருநாள் தோண்டுவதை நிறுத்தி வைத்தோம்.

கட்டடம் திறந்த கோடையில் போர்ட்டபிள்கள் கிளம்பின. சேர்த்த இடத்தில் கம்பளத்தை அறுத்து, பெட்டிகளை நடுவில் பிரித்து, லாரிக்கு ஒரு பாதியாக ஏற்றினார்கள். பிரிந்த பாதியில் வெள்ளைப் பலகை அப்படியே இருந்தது, பாதி சமன்பாட்டோடு. தூக்கிய இடத்தில் டென்னிஸ் பந்துகள், பென்சில்கள், நீலம் மங்கிய ஒரு பிளாஸ்டிக் வாளி. வேறொரு மாவட்டம் அந்தப் பெட்டிகளை விலைக்கு வாங்கியிருந்தது. அங்கேயும் தற்காலிகமாகத்தான்.

இயந்திரத் தொழிலாளியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கடைசி லாரி திரும்புகிறவரை பேசாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதை வித்த பணம் எந்தக் கணக்குல வரும்?” என்றார்.

திங்கள்கிழமை எழுதித் தருவதாகச் சொன்னேன்.