சூளைக்கு முன் உடைந்தால்

வவுனியாவில் குடியேறியிருந்த எங்கள் மலையகக் குடும்பம் 1990இல் படகேறித் தமிழ்நாடு சென்றது. கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வளர்ந்த நான், அயற்கிராமத்துக் குயவர் வீட்டில் மண் பிசையும் வேலை செய்தேன்.

பக்கத்திலுள்ள புதுச்சேரியில், ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவர் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தைப் பற்றி அங்கேதான் அறிந்தேன். பச்சைமண் கற்களால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர் மீக்கர். 2018இல் ஜெய்ப்பூரில் முதலாவது இந்திய மட்கலை மூவாண்டுக் கண்காட்சியை நடத்தியவர்களிலும் அவரிடம் கற்றவர்கள் இருந்தனர். கற்றதைக் கற்பித்தால் கலை வளரும் என்பதை அதில் உணர்ந்தேன்.

போர் முடிந்தபின் ஹட்டன் பக்கம் திரும்பினேன். இப்போது ஞாயிறுதோறும் லயத்து வாசலில் சில பெண்களுக்குக் கற்பிக்கிறேன். முதற் சூளையில் பன்னிரண்டு கோப்பைகளில் ஒன்பது வெடித்தன. பனிமூட்டத்தில் வெளிப்புறம் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். தவறு என்னுடையது. போரில் கணவரை இழந்த ஒரு தங்கை, "நான் தொட்டதெல்லாம் உடையுதக்கா" என்று அழுதாள்.

சுடாத ஒரு கோப்பையை உடைத்து நீரில் போட்டுக் காட்டினேன். அது மீண்டும் மண்ணாகியது. அதே மண்ணில் அவள் புதிதாக வனைந்தாள். மூன்று வாரம் அடுப்படிப் பரணில் காயவிட்டுச் சுட்டோம். வெடிக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் பார்க்க அவற்றை வரிசையாக வைத்தோம். விலை கேட்டவருக்கு அவள் கொடுக்கவில்லை. தன் கோப்பையில் தேநீர் குடித்தாள்.

சகோதரிகளே, ஈரம் உலரக் காலம் எடுக்கும். அவசரப்பட வேண்டாம்.