பிறந்த குழந்தைக்கும் பாஸ்போர்ட்டா?

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் கொரியாக்காரத் தம்பதி குடி வந்தபோது, 'பாஷை தெரியாதவர்களோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம்?' என்றுதான் நினைத்தேன். மறுநாளே அந்தப் பெண் போனில் தன் தாயாரை "ஒம்மா" என்றும் தகப்பனாரை "அப்பா" என்றும் கூப்பிடுவது காதில் விழுந்தது. என் பயம் பாதி ஓடியே போய்விட்டது!

குடி வந்த அன்றே என் கணவர் கம்ப்யூட்டரில் 'சி' படிவத்தை நிரப்பி அனுப்பினார். ஓட்டலானாலும் சரி, வீடானாலும் சரி, வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். "குடித்தனம் வைக்க இவ்வளவு கெடுபிடியா?" என்று நான் முணுமுணுத்தேன். (2025 செப்டம்பரில் பழைய சட்டங்கள் நான்கும் போய், குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் என்று ஒன்றே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரரின் இந்தக் கடமை போகவில்லை.)

2023-ல் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உதவிக்கு ஊரிலிருந்து தாயார் வந்தாள். கொரியர்களுக்கு 2018 முதல் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் 60 நாள் விசா கொடுக்கிறார்கள். அதனால் அவசரத்துக்குக் கிளம்பி வர முடிந்தது. பெட்டி நிறையக் காய்ந்த கடல்பாசி! பிள்ளை பெற்றவளுக்கு அங்கே அதில்தான் சூப் வைத்துக் கொடுப்பார்களாம். நான் பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமுமாக மாடி ஏறினேன். அவள் இரண்டையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் இடி மாதிரி செய்தி வந்தது. ஊரில் தகப்பனாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தாயார் உடனே டிக்கெட் எடுத்தாள். "நானும் குழந்தையும் கூடவே போகிறோம்" என்று இவள் அழுதாள்.

"கைக்குழந்தைதானே, யார் கேட்கப்போறாங்க? தூக்கிக்கிட்டுப் போயிட்டு வாம்மா" என்றேன் நான்.

"சும்மா இரு. பாஸ்போர்ட் இல்லாம எந்த விமானத்துல ஏத்துவான்?" என்று என் கணவர் அதட்டினார்.

அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. ஒரு காலத்தில் இந்த மண்ணில் பிறந்தாலே அநேகமாக எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை உண்டு. 1987 ஜூலையிலிருந்து அது மாறிவிட்டது. 2004 டிசம்பர் 3-லிருந்து, தாய் தகப்பன் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டப்படி வந்தவராகவும் இருக்க வேண்டும். ஆக, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கண் விழித்த குழந்தை கொரியாப் பிரஜை. பிறப்புச் சான்றிதழ், பிறகு சென்னையிலுள்ள கொரியத் துணைத் தூதரகம் மூலம் பாஸ்போர்ட், அதன் பிறகு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினால்தான் கிளம்ப முடியும்.

இதில் முதல் படியே ஏறவில்லை. காரணம், குழந்தைக்குப் பெயர் இல்லை! தாத்தாதான் பெயர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். நம் வீடுகளிலும் நாள் பார்ப்பது உண்டுதானே? நம் நகராட்சியில் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்து, ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பெயரில்லாமல் பாஸ்போர்ட் ஏது?

தாயார் தனியாகப் புறப்பட்டாள். வாசலில் ஆட்டோ ஏறும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே தாத்தா போனில் பெயர் சொன்னார். அதன் பிறகு மாப்பிள்ளைப் பையன் வேலைக்கு லீவு போட்டு அலைந்தான். நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்; என் கணவர் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார். காகிதமெல்லாம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நல்லவேளை, தாத்தா பேத்தியைக் கண்ணால் பார்த்துவிட்டார். மடியில் வைத்துக் கொஞ்சியும்விட்டார். எட்டாம் நாள் போய்விட்டார்.

"பேரை முன்னாடியே கேட்டிருக்கலாம்மா" என்று அவள் போனில் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

சகோதரிகளே, உங்கள் பெண்ணோ மருமகளோ வெளிநாட்டில் பிள்ளை பெற்றுக்கொள்வதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். கொரியாவில் பிறந்த நம் குழந்தையும் கொரியாப் பிரஜை ஆகிவிடாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில்தான் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். பிரசவத்துக்கு மூட்டை கட்டும்போதே பெயரையும் யோசித்து, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று விசாரித்து வையுங்கள். லேகியம் ஒரு வாரம் தாமதமானால் பரவாயில்லை.

ஐந்து மாதம் கழித்து விசாவோடு குழந்தை திரும்பி வந்தது. இந்தத் தடவை படிவத்தை அனுப்பச் சொல்லி என் கணவரை நான்தான் அவசரப்படுத்தினேன்! ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலில் எங்களுக்குத் தலைக்கு 40 ரூபாய், அவர்களுக்கு 600 ரூபாய். பதினைந்து வயது வரை டிக்கெட்டே கிடையாது. அந்த ஒரு வாசலில் மட்டும் குழந்தையை எந்த தேசம் என்று யாரும் கேட்கவில்லை. என் இடுப்பில் உட்கார்ந்தபடியே அது உள்ளே போயிற்று.