டவரை உசத்தினா நோய் வருமா? கொல்லிமலையிலிருந்து ஒரு நீண்ட இழை

1/
ஓபியில காய்ச்சல், மூட்டுவலிக்கு அடுத்து இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "டாக்டரம்மா, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற செல்போன் டவரை இன்னும் உசத்தப் போறாங்களாம். புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமா?" வரிசையில நாற்பது பேர் நிக்கும்போது ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால இங்க எழுதுறேன்.

2/
தெரியாதவங்களுக்கு: நான் வேலை பாக்கிறது நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை, வாழவந்தி நாடு. இங்க ஊராட்சிகளை "நாடு"ன்னு சொல்றது வழக்கம். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். வீடுகள் ஒரே இடத்துல இருக்காது. ஒரு சரிவுல நாலு வீடு, எதிர்ச் சரிவுல பத்து வீடு. இந்த நில அமைப்பை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

3/
அவசரத்துல இருக்கிறவங்களுக்குச் சுருக்கமான பதில்: டவர் அலையால புற்றுநோய் வருதுன்னு காட்டும் உறுதியான ஆதாரம் இல்லை. டவர் உசந்தா, கீழே இருக்கிறவங்க மேல விழும் அலை பெரும்பாலும் குறையும். ஆனா மலையில இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. அதைவிட முக்கியமான வேற சில கேள்விகளும் இருக்கு. அதை யாரும் கேக்கறதில்லை. நேரம் இருக்கிறவங்க தொடர்ந்து படிங்க.

4/
முதல்ல "கதிர்வீச்சு"ங்கிற வார்த்தை. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்ல வர்ற கதிர் நம்ம செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவை உடைக்கும் அளவுக்கு ஆற்றல் உள்ளது. அதனாலதான் கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எழுத யோசிக்கிறோம். செல்போன் அலை ரேடியோ அலை. அதோட ஒரு துகளுக்கு இருக்கிற ஆற்றல், டிஎன்ஏவை உடைக்கத் தேவையானதை விட லட்சக்கணக்கான மடங்கு குறைவு. அலை ரொம்ப அதிகமானா உடம்பைச் சூடாக்கும். வரம்புகள் எல்லாமே அந்தச் சூட்டை வெச்சுத்தான் கணக்குப் போட்டது.

5/
"ஆனா உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கே?" சேர்த்திருக்கு. அதோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாசம் ரேடியோ அலையை 2பி பிரிவுல வெச்சது. "இருக்கலாமோன்னு சந்தேகம், ஆதாரம் போதாது"ன்னு அர்த்தம். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி தான். முதல் பிரிவு, அதாவது "நிச்சயமா புற்றுநோய் தரும்"ங்கிற பிரிவுல இருக்கிறது புகையிலை, மது, பாக்கு. டவரைப் பத்திக் கேட்டுட்டு வெத்தலைபாக்கை ஒதுக்கிப் போட்டுக்கிட்டுப் போறவங்களை நான் தினமும் பாக்கிறேன்.

6/
2011க்கு அப்புறம் என்ன ஆச்சு? உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டதால, 1994ல இருந்து 2022 வரை வந்த 63 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து அலசி 2024ல ஒரு பெரிய தொகுப்பு வெளிவந்தது. செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு கிடைக்கலை. டவர் பக்கத்துல வாழும் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி கூடுதான்னும் பார்த்தாங்க. கூடறதாத் தெரியலை. அறிவியல் "நூத்துக்கு நூறு இல்லவே இல்லை"ன்னு எதையும் சொல்லாது. ஆனா இத்தனை வருஷம், இத்தனை கோடிப் பேர், ஒரு கூடுதலும் கண்ணுல படலைங்கிறது சின்ன விஷயம் இல்லை.

7/
"டவர் வந்ததுல இருந்து தலைவலி, தூக்கமில்லை." இந்தத் தலைவலி பொய்னு சொல்ல மாட்டேன். வலிக்குதுன்னா வலிக்குது. ஆனா அலையால உடம்பு படுத்துதுன்னு சொன்னவங்களை அறையில உட்கார வெச்சு, தெரியாம ஆன், ஆஃப் பண்ணிப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. எப்போ ஆன்ல இருந்துச்சுன்னு அவங்களால சரியாச் சொல்ல முடியலை. பயமே தூக்கத்தைக் கெடுக்கும். அதனால தலைவலின்னு வந்தா டவரைப் பத்தி வாதாடாம பிபி பாக்கிறேன், ரத்தசோகை பாக்கிறேன், கண் பாக்கச் சொல்றேன். பல நேரம் பதில் அங்கேயே கிடைக்குது.

8/
இப்போ உயரத்துக்கு வருவோம். டவர்ல இருக்கிற ஆன்டெனா குண்டு பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் அடிக்காது. டார்ச் லைட் மாதிரி. கிட்டத்தட்டக் கிடைமட்டமா, சில டிகிரி மட்டும் கீழே சாய்ச்சு அடிக்கும். 30 மீட்டர் டவர்ல 4 டிகிரி சாய்வு வெச்சா, நடு ஒளி தரையைத் தொடறது ஏறத்தாழ 430 மீட்டர் தள்ளி. விளக்கு மாடத்துக்குக் கீழே இருட்டுங்கிற மாதிரி, டவர் காலடியில அலை குறைவு.

9/
அதே டவரை 40 மீட்டரா உசத்தினா, அதே பவர், அதே சாய்வுல, அந்த நடு ஒளி தரையைத் தொடறது 570 மீட்டர் தள்ளி. தூரம் கூடினா அலையோட வலு தூரத்தின் வர்க்கத்துல குறையும். கணக்குப் போட்டா பழைய அளவுல பாதிக்குக் கொஞ்சம் மேல. அதாவது சமவெளியில, "டவரை உசத்தாதே"ன்னு போராடி ஜெயிச்சா, ஜெயிச்சவங்க வீட்டு மேலதான் அதிக அலை விழும்.

10/
ஆனா இது சமவெளிக் கணக்கு. கொல்லிமலை சமவெளி இல்லை. நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். டவர் பள்ளத்துல நிக்குது, எதிர்ச் சரிவுல ஒரு வீடு, அதோட முற்றம் டவர் அடிவாரத்தை விட 38 மீட்டர் மேல இருக்குன்னு வெச்சுக்கோங்க. டவர் 30 மீட்டரா இருந்தப்போ டார்ச் ஒளி அந்த வீட்டுக்குக் கீழாலேயே போயிடும். 40 மீட்டர் ஆனதும் ஒளி நேரா முற்றத்துல. அந்த ஒரு வீட்டுக்காரர் பயந்தா அது மூடநம்பிக்கை இல்லை. அவர் கேக்கிறது சரியான கேள்வி.

11/
சரி, அந்த வீட்டுக்கு எவ்வளவு விழும்? 20 வாட் ஆன்டெனா அலையைக் குவிச்சு அனுப்பறதால நேர் எதிரே சுமார் 1000 வாட் மாதிரி வேலை செய்யும். 50 மீட்டர் தள்ளி சதுர மீட்டருக்கு 0.03 வாட் வரும். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச வரம்பைப் பத்துல ஒண்ணாக் குறைச்சு வெச்ச அளவு, 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 0.9 வாட். அதாவது வரம்புல முப்பதுல ஒரு பங்கு. நாலஞ்சு ஆன்டெனா அதே வீட்டைப் பார்த்து இருந்தா அதுக்கேத்த மாதிரி கூடும். அதனாலதான் தொலைத்தொடர்புத் துறை 2013ல மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல்ல, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்துல கட்டடம் இருந்தா, ஒரு ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், ரெண்டுக்கு 35, நாலுக்கு 45 மீட்டர் இடைவெளி வேணும்னு சொன்னாங்க. மலையில இந்த "அதே உயரம்"ங்கிற வார்த்தைதான் உயிர்.

12/
இன்னொரு விஷயம். உங்க மேல அதிகமா விழுற அலை டவர்ல இருந்து வர்றதில்லை, காதுல வெச்சிருக்கிற போன்ல இருந்து வருது. டவர் தூரமா இருந்தா, சிக்னல் ஒரு கோடுதான் இருந்தா, போன் தன்னோட பவரைக் கூட்டிக் கத்தும். டவர் கிட்ட இருந்தா கிசுகிசுன்னு பேசும். டவரைத் துரத்திட்டு, ஒத்தைக் கோட்டுச் சிக்னல்ல அரை மணி நேரம் பேசறவருக்குத்தான் அலை அதிகம்.

13/
இப்போ ஒரு டாக்டரா எனக்கு எது பயம்னு சொல்றேன். ஒரு ராத்திரி, நாள் நெருங்கறதுக்கு முன்னாடியே வலி வந்து ஒரு பொண்ணுக்கு வீட்டுலயே பிரசவம் ஆயிடுச்சு. குழந்தை நல்லா இருக்கு. அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிக்கலை. அந்தக் குடியிருப்புல சிக்னல் கிடையாது. வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கிட்டு மேட்டுப் பாறைக்கு ஏறித்தான் 108க்குப் பேச முடிஞ்சது. முக்கால் மணி நேரம். பிரசவ ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமப் போனா உயிர் போக ரெண்டு மணி நேரம் போதும். அந்தப் பொண்ணு வந்து சேர்ந்தப்போ கண் இமை உள்பக்கம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. பிழைச்சுக்கிட்டா. குழந்தையைத் தூக்கிக்கிட்டு தடுப்பூசிக்கும் வந்தா. அந்த முக்கால் மணி நேரம் எந்தப் புற்றுநோய்ப் பட்டியல்லயும் வராது.

14/
அப்போ டவர் கம்பெனி எது செஞ்சாலும் சரியா? இல்லை. டவருக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கு பாருங்க, கரன்ட் போனா "டப டப"ன்னு ஓடும் டீசல் ஜெனரேட்டர். டீசல் புகையை அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன்ல முதல் பிரிவுல வெச்சது. ஆமா, "நிச்சயம்" பிரிவு. மலையில மழைக்காலத்துல கரன்ட் எத்தனை மணி நேரம் போகும்னு உங்களுக்கே தெரியும். உச்சியில இருக்கிற ஆன்டெனாவைப் பார்த்துப் பயப்படறோம், சன்னலுக்கு நேரா புகையை விடற பெட்டியைப் பத்தி யாரும் ஒரு மனு எழுதறதில்லை. ஆஸ்துமா இருக்கிற குழந்தைக்கு அந்தப் புகை இன்னிக்கே ஆபத்து.

15/
அடுத்தது எடை. 30 மீட்டருக்குப் போட்ட அடித்தளம், 10 மீட்டர் கூடுதல் இரும்பையும் புது ஆன்டெனாக்களையும், மலைக்காத்து தள்ளற விசையையும் தாங்குமா? சரிவை வெட்டித் தளம் போட்டிருந்தா, அடைமழையில மண் நிக்குமா? இடிதாங்கியும் எர்த்தும் புது உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்களா? டவர் சாய்ஞ்சா எந்த வீடு? உயர நீட்டிப்புல நிஜமாவே மாறறது இதெல்லாம்தான்.

16/
அப்புறம் ஏன் எல்லாரும் "கேன்சர்"னே ஆரம்பிக்கிறாங்க? நான் ரொம்ப நாள் யோசிச்சேன். வேற எதைச் சொன்னாலும் யாரும் காது கொடுக்கறதில்லை. ஜெனரேட்டர் சத்தம்னு சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ம்பாங்க. எங்களைக் கேக்காம எப்படிங்கன்னா பதிலே வராது. "குழந்தைக்குக் கேன்சர் வரும்"னாத்தான் அதிகாரி பேனாவைக் கீழே வெச்சுட்டு நிமிர்ந்து பாக்கிறார். கேக்கப்படாத குறை எல்லாம் நோயோட பேரைப் போட்டுக்கிட்டு என் ஓபிக்கு வருது.

17/
இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவுல 1996 தொலைத்தொடர்புச் சட்டப்படி, அலை அரசு வரம்புக்குள்ள இருந்தா உள்ளூர் நிர்வாகம் அதோட பாதிப்பைக் காரணம் காட்டி டவரை மறுக்க முடியாது. 2012ல வந்த இன்னொரு சட்டத்துல, இருக்கிற டவரைச் சுமாரா 10 சதவீதம் அல்லது 20 அடி வரைக்கும் உசத்தறதை மறுக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு. இங்கயும் 2022 ஆகஸ்ட்ல வழித்தட விதியைத் திருத்தி, தனியார் இடத்துல டவர் வைக்க உள்ளாட்சி அனுமதி தேவையில்லை, முன்கூட்டித் தகவல் கொடுத்தாப் போதும்னு மாத்தினாங்க. சிக்னல் சீக்கிரம் வரணும்ங்கிற நோக்கம் எனக்குப் புரியுது. ஆனா ஊர் பேசறதுக்கு இருந்த கதவும் சின்னதாயிடுச்சு.

18/
கதவு சின்னதானா ஜனங்க கோர்ட்டுக்குப் போவாங்க. அங்கேயும் ஒரே பதில் இல்லை. 2006ல கேரள உயர் நீதிமன்றம் சேமஞ்சேரி ஊராட்சி வழக்குல, வெறும் பயத்தை வெச்சு டவரைத் தடுக்க முடியாதுன்னு சொன்னது. 2012ல ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, ஆஸ்பத்திரி பக்கத்து டவர்களை எடுக்கச் சொன்னது. 2017ல குவாலியர்ல வீட்டு வேலை செய்யற ஒருத்தர், தன் புற்றுநோய்க்குப் பக்கத்து டவர்தான் காரணம்னு உச்ச நீதிமன்றம் போக, அந்த ஒரு டவரை நிறுத்த உத்தரவு வந்தது. அவர் வேதனை நிஜம். ஆனா டவரே இல்லாத ஊர்லயும் அதே நோய் வருது. ஒரு நோயாளியை வெச்சு காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவத்தாலயும் முடியாது, நீதிமன்றத்தாலயும் முடியாது.

19/
அதனால அடுத்த கிராம சபையில கேளுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. கேக்க வேண்டியது:

அ. புது உயரத்துல ஆன்டெனாவுக்கு நேர் எதிரே எந்த வீடு வருது, எத்தனை மீட்டர்ல?
ஆ. கூடுதல் உயரத்துக்கும் சேர்த்து எடுத்த கட்டமைப்பு உறுதிச் சான்று எங்கே?
இ. ஜெனரேட்டர் புகைக்குழாய் எந்தப் பக்கம்? பேட்டரி, சோலார் வைக்க முடியுமா?
ஈ. மண்சரிவு, இடிதாங்கி, யார் எப்போ வந்து பார்த்தாங்க?
உ. உசத்தினா எந்தெந்தக் குடியிருப்புக்குப் புதுசாச் சிக்னல் கிடைக்கும்? பேர் சொல்லுங்க.

20/
சந்தேகம் தீரலைன்னா அளந்து பாக்கவும் வழி உண்டு. மத்திய அரசு 2017ல தொடங்கின "தரங் சஞ்சார்" இணையதளத்துல உங்க பக்கத்து டவர் வரம்புக்குள்ள இருக்கான்னு பாக்கலாம். வீட்டுக்கே வந்து அளக்கச் சொல்லவும் விண்ணப்பிக்கலாம். தொடங்கினப்போ அதுக்குக் கட்டணம் 4000 ரூபாய். தனி ஆளுக்குப் பெரிய காசு, நாற்பது வீடு சேர்ந்தா ஆளுக்கு நூறு. எதிர்ச் சரிவுல இருக்கிற அந்த ஒரு வீட்டு முற்றத்துல அளக்கச் சொல்லுங்க.

21/
என் கருத்து இதுதான். டவர் உசரட்டும். ஆனா ஊரைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, இந்த அஞ்சு கேள்விக்கும் பதில் சொல்லிட்டு உசரட்டும். அந்த உசரத்தால பாறை ஏறாம 108க்குப் பேச ஒரு குடியிருப்புக்காவது வழி பிறக்கட்டும். பாக்கைத் துப்பிட்டு வந்து சந்தேகம் கேளுங்க, பதில் சொல்றேன்.