எந்தத் தேதியின் எண்?

2020 மே 4 மாலை வந்த சுகாதாரத் துறை அறிக்கையில் தமிழ்நாடு முழுவதும் 527 பேருக்குப் புதிதாகக் கொரோனாத் தொற்று. அதில் கடலூர் மாவட்டத்துக்கு மட்டும் 122. சேத்தியாத்தோப்பில் எல்லார் போனிலும் அந்த எண்தான். "ஒரே நாள்ல நூத்தி இருபத்திரண்டு பேருக்கு ஒட்டிக்கிச்சா?" என்று கேட்காத ஆளில்லை.

ஒரே நாளில் ஒட்டவில்லை. கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து முகாம்களில் தங்கவைத்து, கூட்டமாகச் சளி மாதிரி எடுத்தார்கள். முடிவுகளும் கொத்தாக வந்தன. நம்மூர் அணைக்கட்டுக்கு இன்று வரும் வெள்ளாற்றுத் தண்ணீர், கல்வராயன் மலைப் பக்கம் முன்பே பெய்த மழை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோய்க் கணக்கிலும் அதே சங்கதிதான். காய்ச்சல் கண்ட நாள் ஒன்று, மாதிரி எடுத்த நாள் ஒன்று, ஆய்வக முடிவு வந்த நாள் இன்னொன்று, அறிக்கையில் ஏறிய நாள் வேறொன்று.

மாவட்ட வரிசையை நாள்தோறும் எக்செலில் ஏற்றி, படம் வரைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவது என் வேலையாகிப்போனது. அப்போது நான் எழுதிய தலைப்புகளிலேயே முக்கியமானது முதல் பத்தியின் தலைப்புதான்: 'தேதி' அல்ல, 'அறிக்கைத் தேதி'. அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் படம் பொய் சொல்லாது.

அதன் அருமை 2020 ஜூலை 22-இல் தெரிந்தது. முந்தைய மாதங்களில் சென்னையில் நிகழ்ந்து கணக்கில் விடுபட்டிருந்த 444 இறப்புகளை, பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த குழு கண்டெடுத்தது. அரசு அன்றைக்கு அவற்றை மொத்தமாகச் சேர்த்தது. அப்படியே வரைந்தால் ஜூலை 22-இல் ஒரு கோபுரம் எழும்பும். அன்றைக்குத்தான் இத்தனை பேர் போனார்கள் என்று பார்ப்பவர் நினைப்பார். நாமாகவே பழைய நாள்களுக்குப் பிரித்துப் போட்டாலோ, அது இட்டுக்கட்டியது. ஆகவே 444-ஐத் தனிக் கட்டத்தில், வேறு நிறத்தில் போட்டு, கீழே ஒரு வரி எழுதினேன். படத்தின் அழகு கெட்டது. கெடட்டும்.

பெரிய நாடுகளும் இதில் வழுக்கின. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 தொற்றுகள் தினக் கணக்கில் ஏறாமல் போயின. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம். அக்டோபர் தொடக்கத்தில் அவற்றைச் சேர்த்தபோது கோடு செங்குத்தாக ஏறியது.

இரண்டாம் அலையில், 2021 மே 21-இல், மாநில எண் 36,184-ஐத் தொட்டது. அந்த வாரங்களில் தினப் பட்டைகளை மெலிதாகவும் ஏழு நாள் சராசரியைத் தடித்த கோடாகவும் வரைந்தேன். ஞாயிறன்று பரிசோதனை குறைந்து எண் சரிந்தால் "குறைஞ்சிடுச்சு" என்று குழுவில் கைகூப்பும் படங்கள் குவிவதை அந்தக் கோடு தடுத்தது. ஆனால் சராசரிக்கும் ஒரு குணம் உண்டு: ஏறும்போது நிலைமையைக் குறைத்துக் காட்டும், இறங்கும்போது கூட்டிக் காட்டும். பரிசோதனை எண்ணிக்கையைப் பக்கத்திலேயே தனிப் படமாக வைப்பேன். ஒரே படத்தில் இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறோர் அளவு என்று வைப்பது எனக்குப் பிடிக்காது. எந்தக் கோட்டை எங்கே வெட்டவைப்பது என்பது வரைபவன் கையில் போய்விடும்.

ஊர்க்காரர்கள் கேட்டது வேறு. "மாவட்டக் கணக்கு எதுக்குத் தம்பி, நம்ம ஊர்ல எத்தனைன்னு போடு." நியாயமான ஆசைதான். ஆனால் முதல் அலையில் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்த காலம் அது. 26 லட்சம் பேருள்ள மாவட்டத்தில் 122 என்பது எண். ஒரு தெருவில் 1 என்பது விலாசம். மளிகைக்காரர் யாருக்குச் சாமான் கொடுக்க மாட்டார், பால்காரர் எந்த வாசலைத் தாண்டிப் போவார் என்பதெல்லாம் அந்த 1-இல் இருந்தது. காதில் விழுந்த ஊர்க் கணக்கைக் கடைசிவரை படத்தில் ஏற்றவில்லை. கேட்டவர்களுக்கு 104 என்ற உதவி எண்ணும், மாதிரி எங்கே, எத்தனை மணிவரை எடுக்கிறார்கள் என்பதும்தான் போயின. சிலருக்குக் கோபம், குழுவை விட்டே வெளியேறினார்கள்.