59-க்கு அப்புறம் 'நான்'



வினாடி வினாப் போட்டிக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கடிகாரம் செய்தேன். 60-லிருந்து 0 வரை இறங்க வேண்டும். முந்தைய நாள் லேபில் ஓட்டிப் பார்த்தால் 59 வந்தது, அப்புறம் 'நான்' என்று காட்டிவிட்டு நின்றுபோச்சு. ஆங்கிலத்தில் என்-ஏ-என். 'நாட் எ நம்பர்', அதாவது எண்ணே இல்லை என்று அர்த்தம். பின்னால் நின்றவர்கள் "யாருடா அது? நான்!" என்று சிரித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! அதற்கு முன் என் ஃபைலைத் திறந்தவன் என் பெஞ்ச் நண்பன் மட்டும்தான். "நீதானே எதையோ அழிச்சே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் பேசாமல் வெளியே போய்விட்டான்.

கடிகாரம் என்ற ஆப்ஜெக்டுக்குள் 'மீதம்' என்று ஓர் எண்ணும், அதில் ஒன்றைக் கழிக்கும் 'ஓடு' என்ற ஃபங்ஷனும் வைத்திருந்தேன். ஒரு வினாடி கழித்து மறுபடி ஓடுவதற்காக, செட்டைம்அவுட்டிடம் 'திஸ்.ஓடு' என்று கொடுத்திருந்தேன். ஒருவேளை இதுதான் குறையோ என்று பின்னால் அடைப்புக்குறி போட்டுப் பார்த்தேன். கண்மூடித் திறப்பதற்குள் 0! காத்திருக்காமல் அப்போதே ஓடி முடித்துவிட்டது.

கம்ப்யூட்டர் மிஸ்தான் விளக்கினார்கள். "'என் சைக்கிளை எடுத்து வை'ன்னு சீட்டு எழுதி வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போறே. சாயங்காலம் அவர் அதை வாசிச்சா, யார் சைக்கிள்?"

வாட்ச்மேன் சைக்கிள்தான்! 'திஸ்' என்பதும் அந்த 'என்' மாதிரி. எழுதும்போது இல்லை, கூப்பிடும்போதுதான் அது யார் என்று முடிவாகிறது. 'கடிகாரம்.ஓடு()' என்று நான் கூப்பிட்டபோது அது கடிகாரம். ஒரு வினாடி கழித்து பிரவுசர் கூப்பிட்டபோது அது விண்டோ. விண்டோவிடம் 'மீதம்' ஏது? இல்லாததில் ஒன்றைக் கழித்தால் எண் எப்படி வரும்? 'ஓடு'வும் அங்கே கிடையாது, அதான் நின்றுவிட்டது.

முதல் வரியிலேயே 'வார் செல்ஃப் = திஸ்' என்று பிடித்து வைத்துக்கொண்டேன். செட்டைம்அவுட்டிடம் பெயரில்லாத ஒரு குட்டி ஃபங்ஷனைக் கொடுத்து, அதற்குள் 'செல்ஃப்.ஓடு()' என்று எழுதினேன். 2009-இல் மொழியில் சேர்ந்த 'பைண்ட்', 2015-இல் வந்த அம்புக்குறி ஃபங்ஷன் இரண்டிலும்கூட இதைச் சரிசெய்யலாம். எனக்கென்னவோ 'செல்ஃப்'தான் பிடித்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறதே.

போட்டியில் கடிகாரம் ஒழுங்காக இறங்கியது. மணி அடிக்கும் வேலையை நண்பனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் பேசவில்லை. தண்ணீர் குடிக்க இந்தச் சுவர் வழியாகத்தான் போவான்.

டேய், நீ எதையும் அழிக்கலைடா. தப்பு என்னோடதுதான்.